கடலடி மணிக்குச் சொந்தக்காரர் யார்?

1

மைலாப்பூர்க் கடலுக்கு அடியில் கோயில் இருக்கிறதா, இல்லையா என்று போன மாதம் என்னிடம் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்டார். கேட்ட இடம் கோலாலம்பூர். கேட்டவர் என் மகள் படிக்கும் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. நான் ரயில்வே ஆபீசில் படம் வரைகிற டிராப்ட்ஸ்மன். பாலத்துக்கு எத்தனை தூண் என்று கேட்டால் சொல்லுவேன். இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை.

இந்தச் சித்திரையோடு நாங்கள் மலாய் நாட்டுக்கு வந்து பத்து வருஷம் முடிகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் உருக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியபோது என் மனைவி கமலா அழுத அழுகை, லஸ் முனையில் டிராம் திரும்புகிற சத்தம், இப்படியெல்லாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் நடந்தது அவற்றையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டது. அதையே சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் மகள் லலிதாவுக்குப் பதினோரு வயது. கைக்குழந்தையாகக் கப்பல் ஏறியவள். இங்கிலீஷில் சண்டை போடுவாள், மலாயில் பேரம் பேசுவாள், தமிழில் எங்களுக்குப் பதில் மட்டும் சொல்லுவாள். அந்தத் தமிழும் எப்போது காலை வாரும் என்று தெரியாது. மலாயில் 'மக்கான்' என்றால் சாப்பிடுவது. நான் நம் ஊர் மகான் ஒருவரைப் பற்றிப் பக்தியோடு சொல்ல ஆரம்பித்தால் இவளுக்குப் பசி எடுக்கிறது.

பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கதைப் போட்டி வைத்தார்கள். இரண்டு பிரிவு. முதல் பிரிவு, மாணவி தன் மனதிலிருந்தே புனைந்த மாயக் கதை. இங்கிலீஷில் 'ஃபேண்டஸி' என்கிறார்கள். இரண்டாவது பிரிவு, பல தேசத்துப் புராணங்களும் பழங்கதைகளும். இரண்டாவதில் சேர வேண்டுமானால் கதையை எந்தப் புத்தகத்தில் எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும். லலிதா முதல் பிரிவில் ஒரு கதையைக் கொடுத்தாள். என்ன எழுதினாள் என்று எங்களுக்குக் காட்டவில்லை. கேட்டதற்கு, "உங்களுக்குப் புரியாதுப்பா" என்றாள். நான் பத்து வருஷமாக இங்கிலீஷில் குறிப்பு எழுதி ஜீவிக்கிறவன்.

பிறகு ஒரு மத்தியானம் கமலா பள்ளிக்கூட வாசலிலிருந்து முகம் சிவந்து திரும்பி வந்தாள்.

"ஏன்னா, அந்த மிஸ் என்ன சொன்னா தெரியுமா? நம்ம பொண்ணு கதை விடறாளாம்."

மிஸ் என்பது மிஸ் தங்கரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், லலிதாவின் வகுப்பு ஆசிரியை. சாந்தமான மனுஷி. அவர் அப்படிப் பேசக்கூடியவர் இல்லையே என்று, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லச் சொன்னேன்.

"'உங்கட மகளைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும்'னா. அப்படீன்னா என்ன அர்த்தம்?"

யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். கமலா அரைமனதாக நம்பினாள். ஆனால் மறுநாள் மிஸ் தங்கரத்தினத்தோடு நான் கதைத்தபோது, கமலா பயந்தது கிட்டத்தட்ட சரி என்று தெரிந்தது.

"உங்கட மகள் நல்லா எழுதியிருக்கிறா. அதிலை ஒரு குறையும் இல்லை" என்றார் அவர். "ஆனா வேறொரு மெட்ராஸ் பிள்ளை, இந்தக் கடலடி மணி தங்கட அம்மா சொல்லுற பழங்கதை எண்டு சொல்லிப்போட்டுது. லலிதாவைக் கேட்டால், தன்னுடைய கதைதான் எண்டு நிக்கிறா. பார்த்து எழுதினது எண்டு முடிவானால் போட்டியிலை இருந்து எடுப்பினம். விழாவிலை அவ மேடையேறவும் ஏலாது. பெரிய மிஸ் உங்களைக் காண வேணுமாம்."

"இரண்டாவது பிரிவுக்கு மாற்றிவிட முடியாதா?"

"அதுக்குப் புத்தகத்தின்ரை பேர் வேணுமே. என்ன புத்தகம்?"

புத்தகம் ஏது. கடலுக்கு அடியில் கோயில், அதில் ஒரு மணி, வழி தவறிய கட்டுமரத்துக்காக அது அடிக்கும். கமலா லலிதாவுக்குச் சோறு ஊட்டும்போது சொன்ன கதை அது. புராணமென்றால் புத்தகம் இல்லை, கற்பனையென்றால் அவளுடையது இல்லை. என் மகள் இரண்டு பிரிவுக்கும் நடுவில் விழுந்துகிடந்தாள்.

வீட்டில் அவள் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். தமிழ்க் கதை ஒன்றை அவளாகத் தொட்டது அதுதான் முதல் தடவை. தொட்டதற்குத் திருடி என்று பேர் வந்தால், இனிமேல் தொடுவாளா என்பதுதான் என் கவலை.

3

அந்த மணிக் கதை எங்கே பிறந்தது என்பது எனக்குத் தெரியும். பிறந்தபோது பக்கத்தில் இருந்தேன்.

நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. காதர் என்று எனக்கு ஒரு சிநேகிதன். கச்சேரி ரோட்டில் அவன் தகப்பனார் குடை ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். காதரும் நானும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே பரீட்சையில் தவறி, அந்தத் துக்கத்தில் நெருக்கமானவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாந்தோம் தாண்டிக் கடற்கரையோடு நடந்து பட்டினப்பாக்கம் வரை போவோம்.

அப்படி ஒரு ஞாயிறு. முந்தின நாள் பேய்க்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. மீனவர் குப்பத்துக்கு எதிரே கூட்டம். எல்லாக் கட்டுமரமும் திரும்பிவிட்டது, ஒன்றைத் தவிர. அதில் போன ஏகாம்பரம் என்பவனின் பெண்சாதி அஞ்சலை ஈரமணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் குடிக்கிற குழந்தை. முந்தின நாளிலிருந்து அவள் வாயில் ஒரு சொட்டுக் கஞ்சி போகவில்லை. பால் வற்றி, குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது. பெண்கள் கஞ்சிக் கலயத்தை நீட்டி நீட்டிப் பார்த்து ஓய்ந்திருந்தார்கள். அவள் கண் கடலை விட்டு நகரவில்லை.

காதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் குந்தினான்.

"அக்கா, உனுக்கு மணிச் சத்தம் கேக்கலியா?"

அவள் முதல் தடவையாகத் திரும்பினாள். "இன்னா மணி?"

"இங்க தண்ணிக்குள்ள பழைய கோயிலு கீது இல்ல, அதோட மணி. கட்டுமரம் வழி தப்பிப் பூட்ச்சின்னா அது அட்ச்சிக்கினே இருக்கும். அந்த சத்தத்தப் புட்ச்சிக்கினு கரைக்கு வந்துருவாங்க. இப்பதான் கேட்டேன்."

"எனுக்குக் கேக்கலியே, நைனா."

"பசி காத அடச்சிக்கினு கீது. எப்பிடிக் கேக்கும்? நீ கஞ்சியக் குடி. அப்பால கேளு."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். கலயத்தை யாரோ கொடுத்தார்கள். முழுவதும் குடித்தாள். குழந்தையை மார்பில் சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

"கேக்குது" என்றாள் அஞ்சலை.

திரும்பி வரும்போது காதரைக் கேட்டேன். "நிஜமாவே உனக்குக் கேட்டுதாடா?"

"எனுக்கு இன்னாடா தெரியும். அவ கஞ்சி குட்ச்சாளா இல்லியா, அத்தச் சொல்லு."

தைரியமாகச் சொன்னானே தவிர, அன்று முழுவதும் அவன் முகத்தில் ரத்தம் இல்லை. ஏகாம்பரம் வராவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று இரண்டு தடவை கேட்டான். மறுநாள் காலையில் கடையைத் தகப்பனாரிடம் விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விட்டான். நானும் போனேன். வெயில் ஏறின பிறகு தெற்கே கோவளம் பக்கத்திலிருந்து ஓர் ஆள் மணலில் தள்ளாடித் தள்ளாடி நடந்து வருவது தெரிந்தது. ஏகாம்பரம்தான். கட்டுமரம் போய்விட்டது. வேறு படகுக்காரர்கள் அவனைத் தூக்கிப்போட்டு அங்கே கரை சேர்த்திருக்கிறார்கள்.

குப்பமே ஓடியது. அஞ்சலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"மணி அட்ச்சுதே, கேட்டியா?"

அவன் இவளைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். யாரும் அவனுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க நேரமும் இல்லை.

"கேட்டேன்" என்றான்.

காதர் என் தோளைப் பிடித்தான். "மச்சி, வா போலாம்" என்றான். பாதி வழியில், "இனிமே அது நம்ம சரக்கு இல்லடா" என்று மட்டும் சொன்னான். அந்த வாரமே அந்த இடத்தில் பெண்கள் தேங்காய் உடைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

4

ஐந்து வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனோம். ஊர் மாறியிருந்தது. மாம்பலத்தில் நான் பார்த்த ஏரியைக் காணோம். அது இருந்த இடத்தில் தியாகராய நகர் என்று வீதியும் வீடும் எழும்பி நின்றன. ஜட்காக்காரரிடம், "இங்கே ஏரி இருந்ததே" என்றேன். "ஏரியா? இங்கயா? இன்னா சாமி, கத சொல்றே" என்றார். கண்ணால் பார்த்த ஏரி அவருக்குக் கதையாகிவிட்டது.

அதே லீவில் மைலாப்பூர்க் குளக்கரையில் பூ வாங்கும்போது, பூக்காரர் பக்கத்தில் நின்ற ஒருவருக்குக் கடலடி மணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க முப்பாட்டன் காலத்துலேந்தே அடிக்குதுங்க." நான் பூவை வாங்காமல் நேராகக் காதர் கடைக்கு ஓடினேன். அவன் குடைக் கம்பியை வளைத்தபடியே சிரித்தான்.

"என் கதைக்குத் தாடி மொளச்சிட்ச்சிடா" என்றான். கொஞ்சம் யோசித்து, "முழுசா என்துன்னும் சொல்ல முடியாது. கோயிலு முந்தி கடலோரமா இருந்துச்சு, தண்ணி இட்டுக்கினு பூட்ச்சின்னு எங்க வாப்பா சொல்லுவாரு. மணி மட்டுந்தான் நான் போட்டது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாது. கமலா மந்தைவெளியில் வளர்ந்தவள். மணிக் கதையைச் சின்ன வயதிலேயே தன் அத்தை சொல்லக் கேட்டதாக அவள் கட்சி.

"உன் அத்தை சொன்னபோது காதருக்கு மீசையே முளைக்கலை. எப்படிக் கேட்டிருப்பே?" என்றேன்.

"எங்காத்துல கேட்டதை உங்க சிநேகிதர் வந்து இல்லேன்னு சொல்லணுமா?"

"நான் நேர்ல பார்த்தேன் கமலா. அவன் வாயிலேர்ந்து வந்துது."

"அவர் வாய் வழியா வந்துது. அவர் மனசுல எங்கேர்ந்து வந்துதுன்னு நீங்க பார்த்தேளா?"

இந்த வழக்கு இன்னும் எங்கள் வீட்டில் நடக்கிறது.

5

பள்ளிக்கு நடந்து போகும்போது இதையெல்லாம்தான் யோசித்துக்கொண்டு போனேன். புராணமும் மாயக் கதையும் ஒன்றா, வேறா? எனக்கு ஒரு சுலபமான கணக்குத் தோன்றியிருந்தது. கதை கட்டினவனுடைய விலாசம் தெரிந்தால் அது கற்பனை. தெரியாமல் போனால் புராணம். கிளம்பும்போது கமலாவிடம் இதைச் சொன்னேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டே, "மாயக் கதைக்கு யாராவது தேங்காய் உடைக்கறாளோ?" என்றாள். நம்பிக்கைதான் வித்தியாசம் என்றால், ஒரே கதையைக் குப்பத்தில் சொன்னால் புராணம், வாசகசாலையில் சொன்னால் ஃபேண்டஸி என்றாகிறது. அப்போது வித்தியாசம் கதையில் இல்லை, கேட்கிறவர்களிடம் இருக்கிறது. அப்படியானால் போட்டியில் பிரிக்க வேண்டியது கதைகளையா, ஆட்களையா?

தலைமை ஆசிரியையின் அறையில் மேஜைக்குப் பின்னால் அவரும், ஜன்னலோரமாக மிஸ் தங்கரத்தினமும் இருந்தார்கள். லலிதா வெளியே பெஞ்சில். அவள் கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி வந்தது. கோயில் இருக்கிறதா? இது உங்கள் மதத்தில் சொல்லப்பட்டதா, அல்லது யாராவது புனைந்ததா?

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலையை, கஞ்சியை, காதரை, ஏகாம்பரம் சொன்ன ஒரு வார்த்தையை. என் மனைவி இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்திருந்தார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. லலிதா பெஞ்சிலிருந்து எழுந்து வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காதரைப் பற்றி அவளிடம் நான் இதுவரை சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உள்ளே வா" என்றார் தலைமை ஆசிரியை. "நீ சொல்லு. இது உன் கதையா?"

"மணி என்னுடையதில்லை" என்றாள் லலிதா. "அது அம்மாவுடையது. ஆனால் மணி அங்கேயே இருக்கிறது என்றுதான் அம்மா சொன்னாள். நான் அதை இங்கே கொண்டுவந்தேன்."

எழுதியதைப் படிக்கச் சொன்னார்கள். படித்தாள். மைலாப்பூர்க் கடலில் மணிக்கு வேலை குறைந்து போகிறது. அங்கிருந்து புறப்பட்டவர்கள் கப்பலில் வெகுதூரம் போய்விட்டார்கள். அதனால் மணி கடலின் அடியிலேயே உருண்டு உருண்டு வருகிறது. நண்டுகளிடம் வழி கேட்கிறது. நண்டுகள் பக்கவாட்டிலேயே போகிறவை, அதனால் தப்பாகச் சொல்லி, மணி ஒரு வருஷம் வீணாக அலைகிறது. கடைசியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற, கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டையில் வந்து தலை தூக்குகிறது. அங்கே ஒரு பெண் குளிர்ந்த தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 'கரை எந்தப் பக்கம்?' என்று கேட்கிறாள். மணி யோசிக்கிறது. 'நான் எங்கே அடிக்கிறேனோ, அதுதான்' என்கிறது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மகளுக்குத் தமிழும் வராது, ஊரும் தெரியாது என்று இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

மிஸ் தங்கரத்தினம்தான் முதலில் பேசினார், இங்கிலீஷில். "முதல் பிரிவில் நாங்கள் ஏற்றுக்கொண்ட கதைகளில் சந்திரனில் முயல் இருக்கிறது, நெருப்புக் கக்கும் பாம்பு இருக்கிறது, பேசுகிற கிளி இருக்கிறது. முயலையும் பாம்பையும் அந்தப் பிள்ளைகளா படைத்தார்கள்? லலிதாவை நீக்கினால் எல்லாரையும் நீக்க வேண்டும்."

தலைமை ஆசிரியை நெற்றியைத் தடவினார். "நீக்கினால் போட்டியில் யார் மிஞ்சுவார்கள்?"

"டீச்சர் வாங்கின நாய்க்குட்டியைப் பற்றி எழுதின பெண் ஒருத்தி. அது மாயக் கதையே இல்லை."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். லலிதாவின் கதை முதல் பிரிவிலேயே இருக்கட்டும் என்றும், தலைப்புக்குக் கீழே 'தாயார் சொன்ன ஒரு மணியைக் கொண்டு' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றும் தீர்ப்பானது. காதர் பேரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். சேர்க்கலாம், ஆனால் அதற்கு உங்கள் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான் அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் லலிதா என் விரலைப் பிடித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்பா, காதர் மாமா இன்னும் குடை ரிப்பேர்தான் பண்றாரா?" என்று கேட்டாள். தமிழில்.

6

விழாவில் அவளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு சீனப் பெண்ணுக்கு. தேநீர்க் கெண்டி ஒன்று கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிற கதை. நியாயமாகப் பார்த்தால் அதுதான் நன்றாக இருந்தது. கமலா இதை ஒப்புக்கொள்ளவில்லை. கெண்டியாவது, கோபிக்கறதாவது, இதெல்லாம் நம்பும்படியா இருக்கா என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். கமலாதான் கூப்பிட்டாள். மேடையில் இங்கிலீஷில் படித்ததைப் பாதிப் பேர் புரிந்துகொள்ளவில்லை; தமிழில் சொல்லச் சொன்னார்கள். லலிதா மாட்டேன் என்று அடுக்களைக்குள் ஓடினாள். கமலா கூட்டிக்கொண்டு வந்தாள். பிறகு லலிதா சொல்ல ஆரம்பித்தாள். 'மணி அடிச்சுது' என்பதற்கு 'மணி கடிச்சுது' என்றாள். நண்டுக்குத் தமிழில் பேர் தெரியாமல் விரல்களை நடக்கவிட்டுக் காட்டினாள். நாலு பேர் ஒரே குரலில் எடுத்துக்கொடுத்தார்கள். யாரும் சிரித்து அவளை நிறுத்தவில்லை. ஈயக் குட்டை வந்த இடத்தில் ஒருத்தி, "நம்ம குட்டையா?" என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

முடிந்த பிறகு பொன்னம்மா என்பவள் பேசினாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, புருஷன் ரயில் பாதையில் கங்காணி. ஊரை விட்டு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. லலிதாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, இது நெசமா?"

தலைமை ஆசிரியை என்னைக் கேட்ட அதே கேள்வி. என்ன சொல்லப்போகிறாளோ என்று நானும் கமலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லலிதா அவசரப்படவில்லை. பொன்னம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

"எந்த இடத்துல நீங்க நம்பலை? சொல்லுங்கோ, அதை மாத்திடறேன்."

"அய்யோ, ஒண்ணையும் மாத்தாத தாயி" என்றாள் பொன்னம்மா. "மறுக்கா மொதல்லேந்து சொல்லு."